மேசை தட்டிய கை

— அப்ப, எம்.பி.யா இருக்கிற உங்களுக்கே தெரியாதா, தமிழழகன் தம்பி?

— தெரியாது பெரியநாயகியக்கா. பல்லு வௌக்கிக்கினே டிவியப் போட்டேன். நம்ம படை எல்லை தாண்டி குண்டு போட்டாச்சுன்னு ஓடிக்கினு இருந்துச்சு.

— நானும் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து டிவியிலதான் பாத்தேன். இதுக்கு இன்னாத்துக்கு உங்கள டெல்லிக்கு அனுப்பினோம்? இங்கயே இருந்து பாத்திருக்கலாமே. வாடகையாவது கம்மி.

— சிரிப்பு காட்டாதீங்கக்கா.

— சிரிக்கறதுக்குச் சொல்லல. அன்னிக்கி எம்புள்ள அஜித்குமாரு அங்க எல்லையில இருந்தான். பக்கத்துல குண்டு வுழுந்து ஒரு காது பாதிக்கு மேல போச்சு. போன் பண்ணா, “சத்தமா பேசும்மா, சத்தமா பேசும்மா”ன்றான். அந்தக் காதோடதான் மறுபடியும் அங்க நிக்கிறான். கரியாலூர் மலக் குளிருக்கே ரெண்டு போர்வ கேட்ட புள்ள.

— தெரியும்க்கா. ஆஸ்பத்திரிக்கு நான்தான போன் பண்ணிப் பேசினேன்.

— பேசினீங்க. இல்லன்னு சொல்லல. காது போனப்புறம் பேசினீங்க. போறதுக்கு முன்ன இன்னா பேசினீங்கன்னுதான் கேக்கறேன்.

— உள்ள வாங்க, காப்பி சாப்புட்டுப் பேசலாம். ஒரு பஞ்சாயத்துத் தலைவர வாசல்ல நிக்க வெச்சுப் பேசினா எனக்கு மரியாதையா?

— தலைவரா வரல. பெத்தவளா வந்திருக்கேன். காப்பி வாணாம். மறுபடியும் சண்ட ஆரம்பிக்கப் போறாங்கன்னு டிவிக்காரன் தொண்ட கிழியக் கத்தறான். திங்கக்கெழம பாராளுமன்றம் கூடுது. நீங்க எழுந்து கேப்பீங்களா, மாட்டீங்களா?

— இன்னான்னு கேக்கறது?

— எங்களக் கேட்டுட்டு சண்டைக்குப் போங்கன்னு. இன்னா காரணம், எத்தினி புள்ளைங்க போறாங்க, எங்க போய் முடியும், எல்லாத்தையும் வெச்சுப் பேசி ஓட்டெடுங்கன்னு. வேணும்ன்றவன் கையத் தூக்கட்டும். வாணாம்ன்றவன் சும்மா இருக்கட்டும். யாரு தூக்கினதுன்னு பெத்தவளுக்குத் தெரியணுமில்ல?

— சட்டத்துல அப்படி இல்லக்கா. மந்திரிங்க கூடி முடிவு பண்ணா போதும். எங்களக் கேக்கணும்னு எங்கயும் எழுதல.

— சட்டம் எழுதறது யாரு?

— நாங்கதான்.

— அப்ப எழுதுங்க. கை இன்னா சுளுக்கா?

— அவ்ளோ லேசு இல்ல. எதிராளி திடீர்னு அடிச்சா, சபையக் கூட்டி ஓட்டு எண்ணிக்கினு இருக்க முடியுமா?

— அடிக்க வந்தா தடுக்கறதுக்கு யாரையும் கேக்க வாணாம். வூட்டுல திருடன் பூந்தா நானே தொடப்பக்கட்டைய எடுப்பேன். நம்ம கெளம்பிப் போறோம் பாருங்க, அதத்தான் கேக்கறேன். நாள் பாக்க நேரம் இருக்குது, அதுக்கு ஒரு பேரு வெக்க நேரம் இருக்குது, படம் புடிச்சு டிவிக்குக் குடுக்க நேரம் இருக்குது. உங்கள ஒருதரம் கூப்புட்டுக் கேக்க மட்டும் நேரமில்லியா?

— ரகசியம் வெளிய போயிடும்ன்றாங்க.

— கதவச் சாத்திக்கினு கேக்கட்டும். உங்கம்மாவும் நானும் ஒரே கேங்குல கரும்பு வெட்டினவங்க. எந்தக் கொல்ல, டன்னுக்கு எவ்ளோ கூலி, குடிக்கத் தண்ணி இருக்குதான்னு கேக்காம ஒருத்தி அருவாளத் தொட்டிருப்பாளா? மேஸ்திரி அவனா ஒத்துக்கினு வந்துட்டா உங்கம்மா இன்னா பண்ணுவா?

— அருவாள வீசிட்டு வரப்புல போய் உக்காந்துக்கும். வாய வேற மூடாது.

— அவ வயித்துல பொறந்த நீங்க இன்னா பண்ணீங்க?

— மேசையத் தட்டினேன்.

— இன்னாது?

— ஜெயிச்சிட்டோம்னு சபையில படிச்சாங்க. எல்லாரும் மேசையத் தட்டினாங்க. அந்தக் கட்சி, இந்தக் கட்சின்னு இல்ல. தட்டாம உக்காந்திருந்தா கேமரா நம்ம மூஞ்சியத்தான் காட்டும். மறுநாளே தேசத்துரோகின்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுவான். நானும் தட்டினேன்.

— எம்புள்ள காதுல ரத்தம் வந்துக்கினு இருக்கச்ச.

— எனக்குத் தெரியாதுக்கா அப்ப.

— கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

— ரூமுக்கு வந்து பாக்கறேன், உள்ளங்கை செவந்து கெடக்குது. பக்கத்து சீட்டுக்காரனுக்கு மேல நான் தட்டியிருக்கேன். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லவே நாக்கு கூசுது.

— கண்ணத் தொடைங்க. டிரைவர் பாக்கறான். நான் மட்டும் யோக்கியமா? அன்னிக்கி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல வெடி வெச்சு லட்டு குடுத்தாங்க. நானும் கைய நீட்டி வாங்கித் தின்னேன். கையில ஒட்டின நெய்யக் கூடத் தொடைக்கல, ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துடுச்சு.

— கட்சியில கேட்டுப் பாத்தேன்க்கா. சண்டைக்கு முன்ன சபையக் கேக்கணும்னு ஒரு மசோதா குடுக்கறேன்னு. தனி உறுப்பினரும் குடுக்கலாம், வெள்ளிக்கெழமையில எடுப்பாங்க. பெரியவரு சிரிச்சாரு. “உன் தொகுதியில தண்ணி கேப்பான், ரோடு கேப்பான். இத எவன்யா கேட்டான்?”னாரு. தலையத் தொங்கப் போட்டுக்கினு வந்துட்டேன்.

— இதோ நான் கேக்கறேன் இல்ல?

— புள்ளயப் பெத்தவ அழுதான்னு தள்ளிடுவாங்க. ஒரு ஊரே கேட்டா தள்ள முடியாது. நாளைக்கு சுதந்திர தினம். உங்க ஊர்ல கிராம சபை இருக்குதில்ல?

— இருக்குது. கொடியேத்திட்டு ஒக்காருவோம்.

— தீர்மானம் போடுங்க. “எங்க புள்ளைங்களச் சண்டைக்கு அனுப்பறதுக்கு முன்ன பாராளுமன்றத்துல ஓட்டெடுக்கணும்”னு. அவ்ளோதான். ஊரு கை தூக்கட்டும். திங்கக்கெழம எழுந்து நின்னு அத நான் படிக்கறேன். மைக்க அமத்தினாலும் கத்திப் படிக்கறேன்.

— நெசமாவா தம்பி?

— எங்கம்மா மேல சத்தியம். கட்சிய வுட்டுத் தூக்கினாலும் சரி, வந்து கரும்பு வெட்டிப் பொழச்சிக்கறேன். எழுந்திரிக்க எனக்கு ஒரு பிடி வேணும்க்கா. நீங்க குடுங்க.

— மாடு தனியா கெடக்குது தம்பி. நான் கெளம்பறேன்.

— இன்னாக்கா? இம்மா நேரம் என்னப் போட்டு அந்தக் கிழி கிழிச்சீங்க. உங்க ஊரு, உங்க சபை, நாற்காலியும் உங்களுது. நாளைக்குப் போட்டுடுவீங்க இல்ல?

— அது வந்து தம்பி...

— ஏன் தரையப் பாக்கறீங்க? வேற தீர்மானம் எதனா இருக்குதா நாளைக்கு? அதோட சேத்துப் போடுங்க.

— நாளைக்கு இன்னா தீர்மானம்னு எனக்கே தெரியாது தம்பி. எல்லாத்தையும் எங்க வூட்டுக்காரரு நேத்தே எழுதி முடிச்சிட்டாரு. என்ன ஒரு வார்த்த கேக்கல.