மூவகைத் தீக்கு மூவகைக் கருவி தேர்ந்த மேலாளர் ராஜையனாருக்கு அச்சகத்தார் அளித்த மடல்

தக்கலை வேளிமலை அச்சகத்தின் தனிப்பெரும் தூணே! பிழை பொறுக்காத கண்ணும், பிழை செய்தாரைப் பொறுக்கும் நெஞ்சும் ஒருங்கே பெற்ற பெருந்தகையே! எங்கள் மேலாளர் திரு. ராஜையன் அவர்களே! வணக்கம்!

இவ்வச்சகத்தின் மையையும் மானத்தையும் நெடுங்காலம் காத்து இன்று ஓய்வு பெறும் உம்மிடமே உம் பெருமையைச் சொல்லப் புகுந்தால், "மதி, மதி, வேலையப் பாருங்க" என்று, போதும் போதுமெனத் தடுத்துவிடுவீர். ஆதலால் அவையோருக்குச் சொல்கிறோம். நீர் மாலையைக் கழற்றாமல் கேட்டிருந்தருள்க!

பெரியோர்களே! தேர்தல் சுவரொட்டிகள் மலைபோல் குவிந்திருந்த நாளில், எவரோ எறிந்த பீடித்துண்டால் தாள் அறையில் ஒரு கட்டு புகைந்தது. கிணற்றுநீர் இறைத்து அணைத்தோம். உடனே எங்கள் முதலாளி கைலாசநாத பிள்ளை அவர்கள், தீயணைப்புக் கருவி விற்கும் ஆபேல் என்பாரைத் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்தார். ஆபேல் விரித்த படப்புத்தகத்தில், நீரைப் பீய்ச்சும் சிவப்புக் கருவி ஒன்றில் முதலாளியின் மனம் லயித்துவிட்டது.

"இதுல ஆறு எடுத்து வரிசையா மாட்டினா கல்யாண வீடு மாதிரி இருக்கும்வே," என்றார்.

ராஜையனாரோ அறை அறையாய் நடந்தார். ஓரிடத்தில் தாள்; ஓரிடத்தில் அச்செழுத்துக் கழுவும் மண்ணெண்ணெய்; ஓரிடத்தில் அச்சு யந்திரத்தைச் சுழற்றும் மின்மோட்டார். திரும்பிவந்து முதலாளியின் முன் நின்றார்.

"மொதலாளி, காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் ஒரே மருந்தா குடுப்பாவ? தாளுக்கு இது மதி. மண்ணெண்ணைக்கு நொரை பீச்சுகது வேணும். மோட்டாருக்கு தண்ணி பக்கத்துலயே போகப்பிடாது. கரண்டு தண்ணி வழியா வந்து ஆளப் பிடிச்சிரும்."

"தீன்னா தீதானே ஓய்! அதுலயுமா சாதி பாக்கது?"

வாதம் வளர்ந்தது. ஆபேலைத் துருவித் துருவிக் கேட்டு, நெருப்பின் குலம் கோத்திரம் அனைத்தையும் கறந்தார் நம் மேலாளர். "உங்களுக்கு ஒண்ணு வித்து முடிக்கியதுக்குள்ள எனக்கு பென்ஷன் வந்திரும்," என்று ஆபேல் நொந்தார். கடைசியில் ராஜையனார் புறக்கடையில் ஒரு தகரத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, ஆபேல் மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த சிவப்புக் கருவியை நீட்டி, "இனி மொதலாளி பீச்சிப் பாருங்க," என்றார். முதலாளி வீரத்தோடு பீய்ச்சினார். எரியும் எண்ணெய் நீரோடு தெறித்து ஓடி, அவர் சுவரோரம் சாத்தியிருந்த பட்டுக்குடையைத் தழுவிக்கொண்டது! ஆபேலின் நுரைக்கருவி வந்து சேர்வதற்குள் குடையின் கம்பிகள் மட்டுமே மிஞ்சின.

முதலாளி அன்றே இணங்கினார். தாள் அறைக்கு நீர், கழுவும் அறைக்கு நுரை, மோட்டாருக்கு நீரில்லாத மருந்தைப் பீய்ச்சும் பித்தளைக் கருவி என்று வாங்கினார்கள். ஆயினும் குடையை எண்ணி எண்ணி மனம் மட்டும் இணங்கவில்லை. "பாதி விலைக்கு முடிஞ்சிருக்கும்," என்று போவார் வருவாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மனக்குறை தீர்ந்த நாளைத்தான் இப்போது சொல்ல வேண்டும். முதலாளியின் மகள் திருமண அழைப்பிதழ் அச்சாகிக்கொண்டிருந்தது. மோட்டார் கமறியது, பொறி பறந்தது, சுற்றிலும் படிந்திருந்த தாள்தூசியில் தீப்பற்றியது. மகளின் அழைப்பிதழ் கருகுவதைக் கண்ட தந்தை வேறெதையும் காணவில்லை. வாளி நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு மோட்டாரை நோக்கிப் பாய்ந்தார்.

"மொதலாளி, வேண்டாம்! செத்துப் போவிய!" என்று அலறிய ராஜையனார் தாவிப் பிடித்தார். கைக்கு அகப்பட்டது வேட்டி முனை. முதலாளி முன்னால் இழுக்க, மேலாளர் பின்னால் இழுக்க, வேட்டி மேலாளர் பக்கம் வந்துவிட்டது. மானம் காக்க இரு கையும் தேவைப்பட்டதால் முதலாளி வாளியை அங்கேயே போட்டார். தண்ணீர் மோட்டாரை எட்டாமல் வாசற்படியோடு நின்றது.

"பகவதியம்மா, சுவிச்சு!"

தாள் மடிக்கும் பகவதியம்மாள் மின்சாரத்தை நிறுத்தினார். ராஜையனார் பித்தளைக் கருவியைப் பிடித்து மருந்தைப் பீய்ச்சினார். தீ அடங்கியது. ஆனால் அந்த மருந்தின் ஆவி மூச்சுக்கு ஆகாது.

"ஒருத்தரும் நிக்கப்பிடாது! எல்லாரும் ரோட்டுக்குப் போங்க!"

"நான் எப்படிவே போவேன்?" என்று முதலாளி கதறினார். பகவதியம்மாள் முகத்தைத் திருப்பியபடியே ஒரு நாடகச் சுவரொட்டியை நீட்டினார். அதைச் சுற்றிக்கொண்டு முதலாளி சந்தைநாள் கூட்டத்தின் நடுவே வந்து நின்றார். அவருடைய இடுப்பில், எங்கள் அச்சகத்தின் மிகப் பெரிய எழுத்தில், "இன்றே கடைசி! காணத் தவறாதீர்!" என்றிருந்தது.

எவரும் தவறவில்லை.

கடைசியாக இருமிக்கொண்டே வெளிவந்த ராஜையனார், மடித்த வேட்டியை இரு கையாலும் நீட்டினார். "மன்னிக்கணும் மொதலாளி. வேலை போனாலும் செரி."

முதலாளி வேட்டியை உடுத்தார். வாசலில் கவிழ்ந்து கிடந்த வாளியையும், அதற்கு எட்டடிக்கு அப்பால் கருகி நின்ற மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "எனக்க மகளுக்க கல்யாணத்துக்கு நான் இருக்கணும்னு நீரு நினைச்சீரு ஓய். வேட்டியா பெரிசு?" என்று ராஜையனாரின் தோளைப் பிடித்துக்கொண்டார். சற்றுக் கழித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வீட்டு அடுக்களைக்கு எது வாங்கணும்?"

"ஒண்ணும் வாங்காண்டாம். எண்ணெச்சட்டி பத்தினா அடுப்ப அணைச்சு ஒரு மூடியப் போட்டு மூடச் சொல்லுங்க. தண்ணி மட்டும் ஊத்தாதுங்க."

"சும்மா கெடைக்கிய யோசனைய மொதல்லயே சொல்லப்பிடாதா வே!"

பண்பாளரே! பதறாத பெருமானே! எது எரிகிறதென்று பார்த்தபின் கையை நீட்டிய கூர்மதியே! நீரும் உம் இல்லத்தரசி நேசம்மாள் அவர்களும், அடுப்பிலும் விளக்கிலும் அன்றி வேறெங்கும் தீயைக் காணாமல், நோயின்றி, நொடியின்றி, பேரர் சூழ நீடு வாழ்க! இங்கே நாங்கள் அனைவரும் உயிரோடு நின்று வாழ்த்துகிறோம். அதுவே உம் பணிக்கு நாங்கள் தரும் சான்று!

இங்ஙனம்,
உம் அன்பு மறவா
வேளிமலை அச்சகத் தொழிலாளர்
தக்கலை, 1955