ரமீரோவுக்கு ஆபத்து போதவில்லை

உங்கள் ஸ்டேஷன் காபி ஒன்றும் மோசமில்லை, ஐயா. ஆனால் என் அண்ணன் ரமீரோ போடுகிற காபிக்கு உறை போடக் காணாது. வினையே அந்தக் காபியில்தான் தொடங்கியது.

ஃப்ரெஸ்னோவில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். மறதி நோய் வந்தபின் செருப்பை அடுப்பில் வைப்பான், டூட்டிக்கு நேரமாச்சு என்று தெருவில் இறங்கிவிடுவான். திராட்சைக் கிடங்கு வேலையை விட்டுவிட்டு நான்தான் கூடவே இருந்தேன். இப்படி வீட்டோடு காவலிருக்க அரசாங்கமே சம்பளம் தரும் என்றாள் பக்கத்து வீட்டு யொலாண்டா. விண்ணப்பித்தேன்.

கவுன்டி அரசு ஆபீசிலிருந்து டெனிஸ் என்ற பெண் பார்க்க வந்தாள். அன்றைக்குப் பார்த்து அண்ணன் தலைவாரி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தான்.

"தனியா எங்கயாவது கிளம்பிப் போயிடுவீங்களா, சார்?"

"போகணும்னுதாம்மா ஆசை. என் தங்கச்சி சமையலைச் சாப்பிட்டுட்டு யாரால நடக்க முடியும்?"

டெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். வாசலில் என்னிடம், "நல்லாத்தானே இருக்காரு? மறதி மட்டும் போதாதுங்க. ஆளில்லேன்னா அவர் உயிருக்கே ஆபத்துன்னு காட்டணும்" என்றாள்.

எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் காட்டினேன்.

மறுநாள் வாசல் கேட்டைத் தாழ் போடாமல் விட்டேன். மார்க்கெட் வரை போனவனைப் போலீஸ்காரர் கூட்டிவந்தார். "ஒரு தடவைதானேங்க" என்றாள் டெனிஸ். அடுத்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். அவன் உள்ளங்கை வெந்துவிட்டது, கொஞ்சம்தான். மருந்து போடும்போது, "யாரு ஓஃபி இப்படிப் பண்ணினது?" என்று கேட்டான்.

"நீதாண்ணே."

"நானா? சரியான மடையன்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

மேலதிகாரி இன்னும் யோசிக்கிறார் என்று பதில் வந்தது.

வாசல் வழியாகப் போனால் யாராவது கூட்டிவந்துவிடுகிறார்கள். அதனால் வியாழக்கிழமை பின்பக்கக் கேட்டைத் திறந்தேன். அந்தப் பக்கம் பாசனக் கால்வாய். பஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு, "நீயும் வரியா?" என்றான். "முன்னாடி போண்ணே, வரேன்" என்றேன். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுத்தான் அனுப்பினேன். கால் நனைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

அவனை முதியோர் இல்லத்தில் தள்ளியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. சமையலறை ஜன்னலில் நின்று, தொப்பி மூழ்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.