பெயர் வந்தால் விட்டுவிடு

இந்தப் பக்கம் மின்சாரம் போய் வந்தால் மெசின்களின் முகவரியெல்லாம் மாறிவிடும், சேர். கல்முனையில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் அது பெரிய தலையிடி. தாதிமாரின் மேசைக் கணினிக்குக் கட்டிலடி மொனிட்டர்கள் எங்கே என்று தெரியாமல் போகும்.

அதற்காக ஒரு சின்னச் செயலியை ஸ்கிரிப்டாக எழுதினேன். திறந்ததும் அது உள் வலையமைப்பு முழுவதற்கும் ஒரு கேள்வியை அனுப்பும்: யார் இருக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள்? மொனிட்டர்கள் பெயரைச் சொல்லும். பெயர் சொன்ன கட்டில் திரையில் வரும். ஒட்சிசன் அளவு, எச்சரிக்கை, நோயாளி அழுத்தும் மணி எல்லாம் அந்த வழிதான். நோயாளிகள் தூங்கட்டும் என்று கட்டிலடி ஒலியை நிறுத்தியிருந்தார்கள்.

என் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர் றிஸ்மி, நுரையீரல் வருத்தக்காரர். உம்மா மௌத்தான பிறகு என் வீட்டில்தான் இருந்தார். அவர் இருமுவதைக் கேட்கவே பாவமாக இருக்கும். என் மனைவி நிப்லா தாங்காமல் சம்மாந்துறைக்கு, அவள் உம்மாவிடம் போய்விட்டாள்.

"உங்கட காக்கா இரிக்கிற ஊட்டுக்கு நான் வரமாட்டன்," என்றாள்.

அதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வருத்தம் கூடியதும் எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தேன். வார்டில் காக்கா தேறிவந்தார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு இப்ப நல்லா இரிக்கிடா தம்பி. டொக்டர் நாளைக்குப் போகலாமெண்டார். ஊட்ட போவம்."

"ஓம் காக்கா," என்றேன்.

என்னைத் தேற்றத்தான் அப்படிக் கதைத்தார். அவருடைய வேதனை எனக்குத்தான் தெரியும்.

காக்காவின் மொனிட்டர் சொல்லும் பெயரைப் போட்டுச் செயலியில் ஒரு வரி சேர்த்தேன்: இந்தப் பெயர் பதில் சொன்னால் விட்டுவிடு. பிறகு கட்டிலைச் சுற்றிச் சீலையை இழுத்துவிட்டு, ஒட்சிசன் திருகைக் கொஞ்சம் குறைத்தேன்.

மாலை முறைக்கு வந்த தாதி சுஜித்தா கேட்டாள், "உங்கட காக்காட கட்டில் ஸ்கிரீன்ல காணல்லையே அண்ணன்?"

"டொக்டர் மெசினைக் கழட்டச் சொல்லிட்டார் தங்கச்சி. நாளைக்குப் போறார்தானே. நித்திரை, எழுப்பாதீங்க."

நல்ல பிள்ளை. எழுப்பவில்லை. நான் மஃரிபு தொழப் பள்ளிக்குப் போனேன்.

கவனயீனம் என்று சுஜித்தாவை வேலையால் நிறுத்தினார்கள். அவள் அழுதபோது நான்தான் ஆறுதல் சொன்னேன். நிப்லா ஜனாஸா அடக்கத்துக்கு வந்தாள். இனி அந்த வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறதென்று திரும்பிப் போய்விட்டாள். அந்த வரியை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

திருகைக் குறைத்தேன் என்றது சரியில்லை. மூடினேன். காக்காவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் விரும்பியதைத்தான் செய்தேன் என்பதையும் எழுதுங்கள்.

காக்கா விடாமல் மணியை அழுத்தும் டிக் டிக் சத்தம் சீலைக்குள்ளிருந்து கேட்டதாம்; தாதி வருவாள் என்று நினைத்துத் தான் பேசாமல் கிடந்ததாகச் சொல்கிறார் பக்கத்துக் கட்டில் வேலப்போடி ஐயா.

கை தெரியாமல் பட்டிருக்கும், சேர்.