மூணுக்கும் நாலுக்கும் நடுவுல

மதி: பாறை… பாறைடா! ரைட்ல ஒடி!

சுந்தரம்: பாத்துட்டேன். கத்தாத, நாலாவது மாடிக்குக் கேக்கும்.

மதி: லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் கத்தத்தான் செய்வான். சத்தமே இல்லன்னாதான் சந்தேகம் வரும்.

சுந்தரம்: அப்போ அந்த ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டு.

மதி: இந்தா… டங்கு, டங்கு. போதுமா மொதலாளி? பாய எறக்கட்டா? காத்து தூக்கிக்கினு போவுது.

சுந்தரம்: வேணாம், போற போக்குல போகட்டும். நாப்பது நிமிஷத்துல எட்டுதான் ஆயிருக்கு.

மதி: தோ பாரு, பனி எறங்குது. கடலே பால் மாதிரி ஆயிடுச்சு.

சுந்தரம்: மதி, அந்த ஃபேனை நிறுத்தேன். இந்தப் பனில ஃபேன் வேற… குளுருது.

மதி: டேய், பனி போன்ல பெய்யுது.

சுந்தரம்: …ஆமால்ல.

மதி: நிறுத்தட்டா?

சுந்தரம்: நிறுத்து. எனக்குக் குளுருது.

மதி: உனுக்கு முத்திடுச்சு.

சுந்தரம்: எங்க கடைல மூணாவது மாடி பட்டு, நாலாவது மாடி காட்டன். ரெண்டுக்கும் நடுவுல கடல் இருக்குன்னு எவனுக்காவது தெரியுமாடா? தி.நகர்ல டவர் எடுக்காத ஒரே எடம் இது. ஒருத்தனும் போன் பண்ண முடியாது. இந்த லிஃப்ட் நின்னாத்தான் எனக்கு மூச்சே வருது.

மதி: இன்டர்காம் கீதே.

சுந்தரம்: அதையும் புடுங்கிடேன்.

மதி: அது சேஃப்டிடா. வேலைன்னா வேலைதான்.

சுந்தரம்: வேலை செய்யற மூஞ்சியப் பாரு! சட்டைல இஸ்திரி மடிப்பு கூட கலையல. ஒரு பொட்டு கிரீஸ் இல்ல. வாசல்ல நிக்கிற எங்க ஷோகேஸ் பொம்மை தோத்துது.

மதி: உன் கடைதான் ஃபர்ஸ்ட்டு. கிரீஸெல்லாம் இதுக்கு அப்பால.

சுந்தரம்: பைல பாத்தா ஒரு ஸ்பேனர், ஒரு சார்ஜர், ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

மதி: நல்ல டாக்டர் கைல ஒரு ஸ்டெத்துதான் இருக்கும். நீ படகை ஓட்டு, என்ன ஓட்டாத.

சுந்தரம்: அந்தக் கடலையக் குடு… அட, ஆமை! ரெண்டு… இல்ல, மூணு ஆமை.

மதி: மெதுவா போ. மேல ஏத்திடாத. பாவம், தூங்கிக்கினே நீந்துது.

சுந்தரம்: இப்படி ஒரு நாள் பூரா போனா எப்படி இருக்கும்?

மதி: உனுக்கு இன்னா, வீட்ல பெரிய கேம் பொட்டி வாங்கி வெச்சுக்கினு கீற.

சுந்தரம்: அது மேல கீர்த்தி குத்துவிளக்கு வெச்சுட்டா. தீபாவளிக்கு ஒரு தடவை நைசா எடுத்து ஆன் பண்ணேன். அப்டேட் பண்ணணும்னு அது ஒரு மணி நேரம் சுத்துச்சு. சுத்தி முடியறதுக்குள்ள அவ அப்பா, என் மாமனார், வந்துட்டார், முறுக்கோட.

மதி: நான் பஸ்ல ஆடலாம்னு பாத்தேன். ஒரு கை கம்பில, ஒரு கை போன்ல. அந்தப் படகு நேரா ஒரு டீச்சரம்மா தலைல போய் மோதுச்சு.

சுந்தரம்: சாந்தோம்ல ஒண்ணா படிக்கறப்போ நேரம் கொட்டிக் கெடந்துது, ஆடறதுக்கு கேம் இல்ல. இப்போ கேம் கொட்டிக் கெடக்கு. நேரம்? முழுசு முழுசா வீடும் கடையும் வெட்டி எடுத்துக்குது. நமக்குக் கெடைக்கிறது கட்பீஸ். செவ்வாய்க்கிழமை, ரெண்டே கால்லேருந்து மூணே முக்கா… ச்சீ, மூணு அடிக்க அஞ்சு.

மதி: ஆசையப் பாரு! அம்பது நிமிஷத்தை நைசா இழுக்கறான். துணி அளக்கும்போதும் இப்டித்தான் இழுப்பீங்களா?

சுந்தரம்: துணிய இழுத்தா கிழியும். நாங்க பேச்சைத்தான் இழுப்போம்.

மதி: அதான் இன்னிக்கு வந்ததுலேருந்து என்னமோ சொல்ல வந்து சொல்லாம இழுத்துக்கினு கீற. சொல்றா.

சுந்தரம்: அண்ணன் இந்த லிஃப்டைக் கழட்டச் சொல்லிட்டார்.

மதி: எந்த லிஃப்ட்ட?

சுந்தரம்: நாம உக்காந்திருக்கோமே, இதத்தான். நாளைக்குக் காலைல ஆளுங்க வர்றாங்க. புது லிஃப்ட். வேற கம்பெனி.

மதி: டேய், தி.நகர்லயே இது மாதிரி ஹெல்த்தா ஒரு லிஃப்ட்டு கெடையாதுடா!

சுந்தரம்: அது உனக்கும் எனக்கும் தெரியும். அண்ணனுக்கு? ஒன்றரை வருஷமா செவ்வாய் ஆனா நின்னுபோற லிஃப்ட். ஜோசியர்கிட்ட போய், லிஃப்டுக்கு செவ்வாய் தோஷம் உண்டான்னு கேட்டிருக்கார்.

மதி: இன்னா சொன்னாரு?

சுந்தரம்: பொறந்த தேதி கேட்டாராம்.

மதி: சிரிக்காத, படகு ஆடுது.

சுந்தரம்: போன வாரம் ஒரு நிச்சயதார்த்த பார்ட்டி, கீழ ‘லிஃப்ட் ரிப்பேர்’ போர்டைப் பாத்துட்டு அப்படியே எதிர்க் கடைக்குள்ள போயிட்டாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டார். உங்க கம்பெனி வாராவாரம் ஆள் அனுப்பியும் சரியாகலியேன்னு கோவம் வேற.

மதி: எங்க ஆபீசுக்கு போன் பண்ணாரா?

சுந்தரம்: இல்ல.

மதி: நல்லா தெரியுமா? யாரும் பேசல?

சுந்தரம்: அவர் பேசவே மாட்டார். பேசினா நீங்க சமாதானம் சொல்லிடுவீங்கன்னு நேரா புதுசுக்கு ஆர்டர் குடுத்துட்டார். உனக்கென்ன அதுல?

மதி: ஒண்ணுமில்ல. நேரா ஓட்டு.

சுந்தரம்: நான் என்னடா சொல்ல முடியும்? லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு அண்ணே, உள்ள நானும் மதியும் கப்பல் விடறோம்னா? எனக்கு வயசு நாப்பத்தொண்ணு.

மதி: படகு. கப்பல் இல்ல.

பேச்சியம்மாள்: சின்ன மொதலாளி… அலோ… சின்ன மொதலாளி, உள்ளதான இருக்கிய?

மதி: போச்சு. இன்டர்காம்.

சுந்தரம்: ஸ்பேனர், ஸ்பேனர்! தட்டு… ம், சொல்லுங்க பேச்சியக்கா.

பேச்சியம்மாள்: அஞ்சு பொம்பளையாளுவ வந்திருக்காவ, முகூர்த்தப் பட்டுக்கு. கூட்டத்துல ஒரு முட்டுவலிக்காரி. முக்கி முக்கி மூணாவது மாடிக்கு ஏறிட்டாவ. எறங்குறதுக்காவது லிஃப்ட்டு உண்டுமான்னு கேக்காவ.

சுந்தரம்: உண்டு உண்டு, இருபது நிமிஷம். உக்கார வெச்சு மோர் குடுங்க.

பேச்சியம்மாள்: மோரு குடிச்சாச்சு.

சுந்தரம்: அந்த மாம்பழக் கலர், கிளிப்பச்சை எல்லாம் எடுத்துப் போடுங்க. அந்த அரக்குக் கட்டை மட்டும் பிரிக்காதீங்க.

பேச்சியம்மாள்: எனக்குத் தெரியாதாக்கும்? முப்பது வருசமா பிரிக்காமதான இருக்கேன். நீங்க லிஃப்ட்டப் பாருங்க. ஏன் உள்ள கடலைத்தோலி சத்தம் கேக்கு?

சுந்தரம்: அது… மோட்டார் சத்தம். வைங்க.

மதி: அது இன்னா அரக்குக் கட்டு?

சுந்தரம்: எங்க தொழில் பாடம் அது. அம்பது புடவை பிரிச்சுப் போடலாம். ஆனா பக்கத்துல ஒரு கட்டு பிரிக்காம இருக்கணும், கஸ்டமர் கண்ணுல படற மாதிரி. அது இருக்கற வரைக்கும் எந்திரிச்சுப் போக மனசு வராது. அதைப் பிரிச்சுட்டோம்னா, அவ்ளோதான். வாங்கினாலும் போயிடுவாங்க, வாங்கலன்னாலும் போயிடுவாங்க.

மதி: …ம்.

சுந்தரம்: என்ன ம்?

மதி: ஒண்ணுமில்ல. இன்னிக்கு கடைசின்னு ஆயிப்போச்சு. வா, கரை சேந்துடலாம்.

சுந்தரம்: எந்தக் கரை?

மதி: இந்த கேம் எதுக்குடா ஆடறோம்? வெளக்கு வெச்ச ஒரு துறை கீது. அங்க போயி நங்கூரம் போட்டா கேம் முடிஞ்சுது. ஒன்றரை வருஷமா அதத்தான தேடறோம்.

சுந்தரம்: இந்தப் பனில எங்கடா தேடறது? இருபது நிமிஷத்துல நடக்கற காரியமா? சும்மா இப்படியே…

மதி: பறவை போவுது பாரு.

சுந்தரம்: அழகா இருக்கு.

மதி: அழக உடு. எந்தப் பக்கம் போவுது?

சுந்தரம்: லெஃப்ட்ல.

மதி: நொச்சிக்குப்பத்துல பொறந்தவன்டா நான். எங்க நைனா கட்டுமரத்துல போனவரு. பொழுது சாயறப்போ பறவை எங்க போவுதோ, அங்கதான் கரை. நீ எந்தப் பக்கம் திருப்பற?

சுந்தரம்: …ரைட்ல.

மதி: போன வாரம்?

சுந்தரம்: ஞாபகம் இல்ல.

மதி: ரைட்ல. அதுக்கு முன்ன வாரமும் ரைட்ல. பறவை ஒரு பக்கம் போனா சுந்தரம் இன்னொரு பக்கம். இந்த ஆமை மூணும் நம்மள எத்தினி தபா பாத்துக்கீது தெரியுமா? அதுக்கே நம்ம மேல சலிப்பு வந்திருக்கும்.

சுந்தரம்: மதி…

மதி: நீ அந்த வெளக்கப் பாத்துட்ட. எப்போ?

சுந்தரம்: மூணாவது வாரமே. நீ கடலை உரிச்சுக்கிட்டு குனிஞ்சிருந்த. பனி ஒரு நிமிஷம் விலகுச்சு. அங்க நின்னு எரிஞ்சுது, மஞ்சளா… சின்னதா. நான் திருப்பிட்டேன்.

மதி: எதுக்கு?

சுந்தரம்: சேந்துட்டா நீ எழுந்து போயிடுவ. வேற கேம் போடலாம்னு சொல்லுவோம், டவுன்லோட் பண்ணுவோம், அப்புறம் அடுத்த வாரம் ஒருத்தனுக்கு வேலை வரும், அதுக்கு அடுத்த வாரம் இன்னொருத்தனுக்கு… நமக்குத் தெரியாதாடா? பதினஞ்சு வருஷம் அப்படித்தானே போச்சு.

மதி: அதான் கட்டப் பிரிக்கல.

சுந்தரம்: பிரிக்கல. கோவமா?

மதி: பாய எறக்கிட்டேன்.

சுந்தரம்: ஏன்?

மதி: வேகமா போனா நீ திருப்பறதுக்கு முன்ன கரை வந்துடும். எப்பவும் இந்த எடத்துல நான்தான் பாய எறக்குவேன். நீ கவனிக்கலியா?

சுந்தரம்: டேய்… உனக்கு எப்போ தெரியும்?

மதி: பறவைய உனுக்கு இப்பதான் காட்டறேன். எனக்கு அது மொத நாள்லேருந்து தெரியும்.

சுந்தரம்: படுபாவி. அப்புறம் எதுக்கு இப்போ கரைக்குப் போலாம்னு சொன்ன?

மதி: நீ இன்னா சொல்றன்னு பாத்தேன். பேரம் பேசற குடும்பத்துல பொறந்தவன், வாயத் தொறக்க வைக்கணும்ல.

சுந்தரம்: …பனி விலகுது.

மதி: ஆங். தோ தெரியுது.

சுந்தரம்: இவ்ளோ கிட்டவா! படித்துறைல யாரோ வலை காய வெச்சிருக்காங்க பாரு.

மதி: வெளக்கு கண்ண சிமிட்டுது.

சுந்தரம்: அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. உள்ள போலாமா?

மதி: இங்கியே போடறேன் நங்கூரத்த. துறைக்கு வெளிய. கெடக்கட்டும்.

சுந்தரம்: கெடந்து? வந்து யாருடா எடுக்கறது? நாளைக்கு லிஃப்டே இருக்காது. புதுசுக்கு வேற கம்பெனி ஆளு வருவான். பெரும்பாக்கத்துலேருந்து ரெண்டு பஸ் மாறி நீ சும்மா வர முடியுமா? உனக்கு என்னிக்கு லீவுன்னு கூட எனக்குத் தெரியாது. கேட்டா, காத்து மாதிரி மாறிக்கினே இருக்கும்பே.

பேச்சியம்மாள்: சின்ன மொதலாளி, முட்டுவலிக்காரி கேக்காவ!

சுந்தரம்: வந்துட்டேன்க்கா, ரெண்டே நிமிஷம்! மதி, கிளப்பு. மூணாவது மாடிக்கு எறக்கு.

மதி: எறக்கறேன்.

சுந்தரம்: உங்க கம்பெனில சொல்லிப் பாக்கலாமா? புதுசு வந்தாலும் செவ்வாய்க்கிழமை மட்டும் உன்ன அனுப்பச் சொல்லி… ஏதாவது ஒரு காரணம் சொல்லி…

மதி: எங்க கம்பெனி ரெண்டு மாசத்துக்கு ஒருதபாதான்டா இங்க அனுப்புச்சு. வாராவாரம்ன்றது நான் சொன்னது, நீ கையெழுத்து போட்டதெல்லாம் ஆபீசுக்கே போவாத பழைய சர்வீஸ் சீட்டு புக்கு. செவ்வாய்க்கிழமை எனக்கு வார லீவு. யூனிஃபார்ம எங்க வீட்ல ஷீலாதான் இஸ்திரி போட்டுக் குடுத்து அனுப்பும். அடுத்த செவ்வாயும் லீவுதான்… கதவு தொறக்கப் போவுது, போன உள்ள வை. நான் வந்துடறேன், டவர் எடுக்காத எடமா நீ ஒண்ணு பாத்து வை.