வளர்ச்சி நிதி இடிச்ச செவுரு

…அதான் மேஸ்திரி, நான் கேக்கறேன், காசு குடுக்கறவங்க கதவையும் அளந்து பாத்துட்டுக் குடுக்க வேண்டாமா? தொவைக்கற மிஷினுக்கு நிதி உண்டாம். மிஷின் கடைக்குள்ள போறதுக்கு நிதி கிடையாதாம். அது எங்க திட்டத்துல வராதும்மான்னு சொல்லிட்டாங்க. யானைய வாங்கிக் குடுத்துட்டு, கட்டறதுக்கு எடம் நீ பாத்துக்கோன்னா நான் எங்க போவேன்... உக்காருங்க, உக்காருங்க. செங்கல்லு எங்கயும் ஓடிடாது. சிமெண்ட் இன்னும் கலக்கலதானே? அப்புறம் என்ன அவசரம். டீக்குச் சொல்லியிருக்கேன்.

நான் கேட்டேனா இந்த நிதிய? சரி, கேட்டேன். கேக்காம எவன் குடுப்பான். அந்தப் பெரிய ஃபேக்டரி மூடினதிலேருந்து நம்ம பக்கம் எப்படிக் கெடந்துச்சு, உங்களுக்கே தெரியும். தெருவுல பாதிக் கடை ஷட்டரு இறங்கியே கெடந்துச்சு. சட்டை போட்டு வேலைக்குப் போறவன் இருந்தாதானே லாண்டரிக்குத் துணி வரும்? அப்பதான் வட்டார வளர்ச்சி நிதின்னு ஒண்ணு, சின்னக் கடைக்கெல்லாம் உதவி பண்றாங்கன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டுட்டு வந்தாரு. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கறதுக்கு அவர மாதிரி ஆளு கெடையாது.

நிதி ஆபீசுலேருந்து ஒரு பொண்ணு வந்தா. நல்ல பொண்ணுதான், ஆனா கேள்வி இருக்கே... அஞ்சு வருஷம் கழிச்சு உங்க தொழில எங்க பாக்கறீங்கன்னா. இங்கதாம்மா, இதே தெருவுலதான், வேற எங்க போயிடுவேன்னேன். சிரிக்கவே இல்ல, எழுதிக்கிட்டா. மிஷின் வந்தா எத்தனை பேருக்கு வேலை குடுப்பீங்கன்னா. நான் யோசிக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரர், "இப்பவே எனக்கு மட்டும் மூணு ஆளு வேலை குடுக்கறாங்க மேடம்"ங்கறாரு. அதுக்குச் சிரிச்சா பாருங்க, அந்தப் பொண்ணு. அந்தச் சிரிப்புலதான் நிதி கெடச்சுதுன்னு இவரு இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டுத் திரியறாரு.

அப்புறம் அந்த போர்டு. வெளிய பாத்தீங்கல்ல? பொதுமக்கள் வரிப்பணத்துல வாங்கின இயந்திரம்னு. கட்டாயம் மாட்டணுமாம். என் கடைப் பேர விடப் பெருசு. மாட்டின மறுநாள் ஒரு பெரிய மனுஷன் ரெண்டு மூட்டை அழுக்க எறக்கி வச்சிட்டு, நான் ஒழுங்கா வரி கட்டறவன், எப்ப வந்து வாங்கிக்கட்டும்னு கேக்கறாரு. அவருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள நான் அந்த மூட்டையத் தொவச்சே குடுத்திருக்கலாம்.

என்ன? ஆமா, கதவு. கதவுக்குத்தானே வரேன். அந்தப் பொண்ணு, வாசல் அகலம் எவ்வளவும்மான்னு ஃபோன்ல கேட்டா. டேப்பு இல்ல கையில. எங்க தொழில்ல டேப்பு எதுக்கு? கையில இருந்தது பெட்ஷீட்டு. ஓட்டல் பெட்ஷீட்டு, ரெட்டைக் கட்டிலுக்குப் போடறது, ஓரத்துல அளவு அச்சடிச்சிருக்கும். ரெண்டா மடிச்சு வாசல்ல புடிச்சேன். கனகச்சிதமா நின்னுச்சு. அச்சடிச்சதுல பாதியச் சொல்லிட்டேன். அது புதுத் துணியோட அளவு மேஸ்திரி. வருஷக்கணக்கா என் கையில வெந்நீர்ல வெந்த துணி அது. நாலு விரக்கட சுருங்கியிருக்கு. வர்றவங்களுக்கெல்லாம் துணி சுருங்கும் சுருங்கும்னு நானே பாடம் எடுக்கறேன், எனக்கு அன்னிக்குத் தோணல. லாரிலேருந்து மிஷின எறக்கி வாசல்ல வச்சா நாலு விரக்கட இடிக்குது. தெருவே கூடி நின்னு சிரிக்குது.

அங்கதான் வந்துச்சு இந்தச் செவுரு. அந்தப் பக்கம் தையக்கடை இருக்குல்ல, அது என் நாத்தனாரோடது. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அவ கடைக்கு ஷட்டரு, நல்ல அகலம். அந்த வழியா உள்ள கொண்டாந்து, நடுச்செவுத்த இடிச்சா என் கடை. கொடுக்கற தெய்வம் கூரையப் பிச்சிக்கிட்டுக் கொடுக்கும்பாங்க. எனக்கு செவுத்த இடிச்சிக்கிட்டுக் குடுத்துச்சு.

இதுல என்ன சங்கடம்னு கேக்கறீங்களா? நானும் அவளும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. இது எங்க மாமனார் கட்டின ஒரே ஹாலு, தெரியுமா? இந்தப் பக்கம் நான் தொவைப்பேன், அந்தப் பக்கம் அவ தைப்பா. ஒரே ரேடியோ. எல்லாம் ஒரு பேண்ட்டால போச்சு. ஒரு ஆளு, அவ தச்சு நான் தொவச்ச பேண்ட்டப் போட்டுக்கிட்டு இன்டர்வியூக்குப் போயிருக்கான். உக்காரும்போது பின்னாடி பிரிஞ்சிருச்சு. வந்து ரெண்டு பேரையும் ஒரு புடி புடிச்சான். தையல் சரியில்லன்னு நான் சொன்னேன். அண்ணி தொவச்சே துணிய நைய வச்சிட்டாங்கன்னு அவ சொன்னா. அவன் சண்டைய முடிச்சுக்கிட்டுப் போயிட்டான். நாங்க முடிக்கல. அந்த வாரமே செவுரு. அதுவும் எப்படி, ஒன்பது அங்குலம். கோவத்துல கட்டினா மெல்லிசா கட்டுவாங்களா? அதுக்கப்புறம் எல்லாம், உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, உன் அண்ணிகிட்ட சொல்லுன்னு, எங்க வீட்டுக்காரர்தான் தபால்காரர்.

மிஷின் மாட்டிக்கிட்டப்பவும் அவரத்தான் அனுப்பினேன், செவுத்த இடிக்கலாமான்னு கேட்டுட்டு வரச் சொல்லி. போன வேகத்துல வந்துட்டாரு. இடிக்கட்டும்னு சொல்லிட்டாளாம். யோசிக்கக்கூட இல்லையாம். எனக்கு அதுவே கடுப்பு. ஆறு வருஷமா மூஞ்சியக் காட்டாதவ ஒரே வார்த்தையில சரின்னா, என்ன அர்த்தம்?

இடிச்சாங்க. அன்னிக்கு அடிச்ச புழுதியில ஓட்டலுக்குத் தொவச்சு வச்ச வெள்ளை அத்தனையும் மறுபடி தொவச்சேன். புழுதி அடங்கினப்புறம் பாத்தா, அவ அந்தப் பக்கம் நிக்கறா. தலை பூரா வெள்ளை. செவுத்துத் தூசின்னுதான் நெனச்சேன். தட்டிவிடலாம்னு கையக்கூட தூக்கிட்டேன். பாதி நரை மேஸ்திரி. பக்கத்துக் கடையில இருந்துக்கிட்டு அது எனக்குத் தெரியல பாருங்க. அவ என்னப் பாத்து, "என்ன அண்ணி, இப்படி எளச்சிட்டீங்க"ன்னா. எனக்கு என்னமோ ஆயிருச்சு. மிஷின்காரன்கிட்ட போய் சும்மா சத்தம் போட்டேன், அத இப்படி நகத்து அப்படி நகத்துன்னு.

அதுக்கப்புறம் மூணு மாசமா இதே கூத்துதான். பெரிய மிஷின் வந்ததால ஆஸ்பத்திரித் துணியும் எங்களுக்கே வருது. அதுல பாதி கிழிசல். முன்னெல்லாம் கிழிஞ்சத அப்படியே மடிச்சு அனுப்பிடுவேன். இப்ப இங்கேருந்து வீசினா அங்க புடிக்கறா, தச்சு இந்தப் பக்கம் வீசறா. ஆஸ்பத்திரியில, கிழிசல் தச்சு வருதேன்னு அதுக்குத் தனியா ஒரு ஆர்டர் குடுத்துட்டாங்க. அவளும் ஒரு ஆள வேலைக்கு வச்சிருக்கா, நானும் ரெண்டு பொண்ணுங்கள வச்சிருக்கேன். ரேடியோல எந்தப் பாட்டு வைக்கறதுன்னு தெனம் சண்ட. ஒரு வேலை நிம்மதியா ஓடுதுங்கறீங்களா?

போன வாரம் நிதி ஆபீஸ் பொண்ணு வந்து பாத்துட்டு, செவுரு இல்லாதது நல்லாத்தானே இருக்கு, ரெண்டு கடையும் சேந்து ஒரே தொழிலா கேட்டீங்கன்னா அடுத்த உதவிக்கும் எழுதலாம்னுட்டா. நான் என் நாத்தனாரப் பாத்தேன். அவ ஊசியில நூல் கோக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டா. அந்தப் பொண்ணு போனப்புறம் மெதுவா, "செவுரு எப்ப வைக்கறீங்க அண்ணி"ன்னு கேக்கறா. எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்ப அவளுக்கு என்னோட ஒட்ட இஷ்டமில்ல, அதானே? மிஷின் உள்ள வந்த மறுநாளே செவுரு எழும்பும்னு தெருவுக்கே கேக்கற மாதிரி அன்னிக்குச் சொன்னவ நான். நானும் விடுவேனா? அதுக்கென்ன, மேஸ்திரிய வரச் சொல்லிட்டாப் போச்சுன்னேன். அதான் நீங்க வந்திருக்கீங்க.

கட்டுங்க, கட்டுங்க. யாரு வேண்டாங்கறா? தூசி அடிக்கும்னு இன்னிக்கு இந்தப் பெட்ஷீட்ட நடுவுல மறைப்புக்குத் தொங்க விட்டிருக்கேன், கழட்டிடலாம். அவ இப்ப இல்ல, ஜிப்பு வாங்கப் போயிருக்கா. அதனாலதான் இவ்வளவும் பேசறேன்.

என்ன பாக்கறீங்க அங்க? பின்பக்கமா? அது தகரம். ஆமா... வெறும் தகரம்தான். அதுக்குப் பின்னாடி சந்து. லாரி வருமாவா? வரும். தண்ணி லாரியே வருதே. கழட்டறதா? நாலு ஸ்க்ரூ. என் சின்னப் பொண்ணு கழட்டுவா.

அப்படிப் பாக்காதீங்க மேஸ்திரி.

மிஷின பின்பக்கமா கொண்டாரலாமேன்னு யாரும் கேக்கல. லாரிக்காரன் கேக்கல, நிதி ஆபீஸ் கேக்கல. எங்க வீட்டுக்காரர் மட்டும் வாயத் தெறந்தாரு, ஏம்மா, பின்னாடி தகரத்த... அப்படின்னு. சும்மா இருங்க உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அடக்கிட்டேன். தெருவே பாக்க மிஷின் வாசல்ல மாட்டிக்கிட்டு நின்னப்போ, எனக்கு மொதல்ல தோணினது தகரமில்ல. இந்தச் செவுருதான். ஆறு வருஷமா அந்தப் பக்கம் அவ இருமற சத்தம் கேக்கும். மருந்து சாப்ட்டியான்னு கேக்க வாய் வரும். கேட்டா நான் தோத்த மாதிரில்ல? இத இடிக்க எனக்கு ஒரு சாக்கு வேணும், அவ்வளவுதான். கவர்மெண்ட் காசுல மிஷின் வந்துச்சு, நான் என்ன பண்றது, இடிச்சுத்தானே ஆகணும்னு சொல்லிக்கலாம்ல. இப்ப நீங்க பாட்டுக்கு நூல் புடிச்சுக் கட்டிட்டுப் போயிடுவீங்க. மறுபடி இடிக்க நான் எந்த நிதிக்குப் போய் நிக்கறது? அவளுக்கு வேணும்னா கட்டட்டும். எனக்கு வேண்டாம். போதுமா? சொல்லிட்டேன். அவகிட்ட மட்டும் வாய விட்டுடாதீங்க...

மேஸ்திரி?

எங்க போனாரு? கரண்டியக் காணோம், மட்டக்கட்டையக் காணோம்... இப்பத்தானே இங்க நின்னாரு. டீ கூட இன்னும் வரல.

யாரது பெட்ஷீட்டுக்குப் பின்னாடி? நீ எப்படி வந்த? ஜிப்பு வாங்கப் போகல? எப்பலேருந்து நிக்கற நீ?

பேண்ட்டுக் கதை சொன்னதுலேருந்தா?

அப்ப மேஸ்திரி... நீதான் சைகை காட்டினியா? போகச் சொல்லியா? நான் கூப்ட்ட ஆள அனுப்ப நீ யாருடி?

என்னது? தகரம் இருக்கறது உனக்கும் தெரியுமா?... தெரிஞ்சேதான் சரின்னியா?

அழாத. அழாதடி, சொல்றேன்ல, எனக்கும் வந்துரும். நாம ரெண்டு பேரும் அழுதா ஆஸ்பத்திரித் துணிய யாரு பாக்கறது. வா இங்க, புடி ஒரு கை. இந்தச் செங்கல்ல வெளிய தூக்கிப் போடலாம்.