வட்டத்தில் என் நாற்காலி

அந்தச் சங்கத்தில் கொடுக்கும் தேநீரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. சர்க்கரையைக் கண்ணில் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வார்கள் போல. இருந்தாலும் சனிக்கிழமை தவறாமல் போவேன். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் புற்றுநோயாளர் ஆதரவுச் சங்கம் அது. கீழ்த்தளம் நோயாளிகளுக்கு, மாடி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு. மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு ஸ்டூலில் டிஷ்யூ பெட்டி வைத்திருப்பார்கள். அழுகை வராதவர்களுக்கும் அதைப் பார்த்தால் கடமை உணர்ச்சி வந்துவிடும்.

என் தங்கைக்காகத்தான் போனேன், ஐயா. மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அவள் புருஷனுக்கு ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல காற்றுள்ள ஊராகப் பார்த்துப் போய்விட்டார். கல்யாணமாகாத அக்கா பிறகு எதற்கு இருக்கிறாள்? நான் வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டோடு போய்ச் சேர்ந்தேன்.

சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் அவள் தும்மினால் செய்தி. நான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால், "பாத்துப் போகக் கூடாதா?" என்பார்கள். அதைத் தப்பென்று சொல்லவில்லை. அவள் அழகு, அவள் பேச்சு அப்படி. எனக்கே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும்.

முதல் சனிக்கிழமை வட்டத்தில் நான் அதிகம் பேசவில்லை. தங்கைக்கு ஓயாத வாந்தி, எனக்குத் தூக்கமில்லை, அவ்வளவுதான். ஒருங்கிணைப்பாளர் அம்மா தலையைச் சாய்த்து, "அவங்களை நீங்க பாத்துக்கறீங்க. உங்களை யாரு பாத்துக்கறாங்க?" என்றார். வட்டமே என்னைப் பார்த்தது. நானும் ஒரு டிஷ்யூ எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு வந்தது துக்கமில்லை, சந்தோஷம்.

போகப்போகப் புதிதாக வரும் குடும்பங்களை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சங்கத்தின் சுவரொட்டியில் என் படத்தைப் போட்டார்கள். பின்னால் தங்கை கொஞ்சம் மங்கலாகத் தெரிவாள். தேசிய மாநாட்டு மேடையில் பேசவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இதற்கு நடுவில் அவளுக்குக் குணமாகிவிட்டது.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி தேறிவிட்டால், பார்த்துக்கொண்டவருக்குப் பூங்கொத்து கொடுத்து, கைதட்டி வழியனுப்பிவிடுவார்கள். நாற்காலி அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். நியாயமான வழக்கம்தான். மந்திரிகளே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், என்னிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்த்தார்கள். "இன்னும் பல வருஷம் தினமும் மாத்திரை போடணுமாம்மா, இப்பவே குணம்னு சொல்ல முடியாது" என்று தள்ளிப்போட்டேன். ஆனால் தங்கைக்கு முடி வளர்ந்துவிட்டது. கடைத்தெருவில் ஒருங்கிணைப்பாளர் அம்மா முன்னாலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதமே எனக்குப் பூங்கொத்து என்று முடிவாகிவிட்டது.

அந்த மாத்திரை நோய் திரும்பாமல் இருப்பதற்காக. ஆனால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா, இதைப் போட்டா உடம்பெல்லாம் எரியுது, மூட்டெல்லாம் வலிக்குது" என்பாள். கூடப்பிறந்தவள் வேதனைப்படுவதை எந்த அக்கா பொறுத்துக்கொள்வாள்? வாரத்துக்கான மாத்திரை டப்பாவை நிரப்புவது நான்தான். அதே அளவில், அதே வெள்ளையில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை வாங்கிப் போட்டேன். விஷம் வைக்கிற ஜாதி இல்லை நான். கொடுத்ததெல்லாம் சத்துதான். கொஞ்ச நாளிலேயே, "மாத்திரை பழகிடுச்சுக்கா, இப்ப எரியலை" என்று அவளே சொன்னாள். பூங்கொத்தையும் அப்படி இப்படிச் சொல்லி ஒத்திவைத்துக்கொண்டே போனேன்.

நிஜ மாத்திரையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. விலை உயர்ந்த மருந்து. வாங்க முடியாதவர்களுக்காகச் சங்கத்தின் கீழ்த்தளத்தில் மருந்துக் கொடைப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். பிரிக்காத அட்டைகளை மாதாமாதம் அதில் சேர்த்தேன். மருந்துப் பிரிவுக்காரர் ஒவ்வொரு முறையும் கையெடுத்துக் கும்பிடுவார்.

அடுத்த வருஷம் தங்கைக்கு முதுகுவலி வந்தது. ஸ்கேன் பார்த்தார்கள். எலும்பில் பரவியிருந்தது. டாக்டர் கேட்டார், "மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?"

"எங்கக்கா ஒருநாள்கூட விட்டதில்ல, டாக்டர்" என்றாள்.

உண்மைதான், ஒருநாள்கூட விட்டதில்லை. அந்தச் சனிக்கிழமை நான் விஷயத்தைச் சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் அம்மா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அதன்பிறகு பூங்கொத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

என்னை இப்படித் தாங்கும் சங்கத்துக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டுமென்று தங்கை அடம்பிடித்தாள். சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். மருந்துப் பிரிவுக்காரர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு வாய் சும்மா இருக்காது.

"உங்க அக்கா மாதிரி வருமா? மாசாமாசம் இதைக் கொண்டுவந்து குடுக்கறாங்க. எத்தனை பேர் பிழைச்சிருக்காங்க தெரியுமா?" என்று ஓர் அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அவள் அதில் இருந்த மருந்தின் பெயரைப் படித்தாள். திருப்பிப் பார்த்து மறுபடியும் படித்தாள்.

"அக்கா, அப்ப நான் என்ன சாப்பிட்டேன்?"

"சுண்ணாம்புச்சத்தும்மா. எலும்புக்கு நல்லது" என்றேன்.

அவள் சக்கர நாற்காலியைத் தள்ள மருந்துப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டாள். நீங்கள் போலீஸ் ஜீப்பில் வரும்வரை நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், ஐயா.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், மாற்றியது நான்தான். நோய் திரும்பும் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு அதிக நாள் இல்லை என்கிறார்கள். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். நோயாளிகள் அப்படித்தான் கோபப்படுவார்கள், நாம் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கோபம் ஆறியதும் கூப்பிட்டு அனுப்புவாள். நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க, பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?