தீர்த்த நீர் உபயம்: பிரதேச சபை

விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் கௌரவ பிரதேச சபைத் தவிசாளர் திரு. சுதாகரன் அவர்களே, கடவை அம்மன் கோயில் பரிபாலன சபைத் தலைவர் திரு. ராஜரத்தினம் அவர்களே, அவர்களை அடுத்து அமர்ந்திருக்கும் அதிகாரிகளே, அகவையில் என்னை ஒத்த பெரியோர்களே, வெயிலையும் வெக்கையையும் பொருட்படுத்தாமல் வெறுந்தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கதிரை கிடைத்த கனவான்களே, அனைவருக்கும் மருதாற்றங்கரையில் நின்று வணக்கம் சொல்கிறேன். மருதாற்றுக்கும் சொல்லியிருப்பேன். அது இப்போது வணக்கம் வாங்கும் நிலையில் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். பிழையான வாக்கியத்தைக் கரும்பலகையில் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போவது எனக்கு வழக்கமில்லை. சில கிழமைகளாகச் சந்தையிலும் சங்கக்கடையிலும் ஒரு கதை உலாவுகிறது. "அப்புத்துரையின்ர மனிசி தீர்த்தத்தை நிப்பாட்ட நிக்கிறா. கொன்வென்ற்றில படிச்சவாதானே, மனம் மாறிட்டா." இதுதான் கதை. அந்த மனிசி நான்தான்.

கன்னியாஸ்திரிகளிடம் படித்தேன். உண்மை. கை கழுவாமல் சாப்பிடாதே, பொய் சொல்லாதே என்று அவர்கள் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இவை அம்மனுக்கு விரோதமானவை என்று எந்த ஆகமத்தில் எழுதியிருக்கிறது? தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள். ஒருவருமில்லை. நல்லது.

தீர்த்தத் திருவிழா என் கணவர் குடும்பத்தின் உபயம். கொடியேறிய நாள் தொடங்கி ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் பொறுப்பெடுத்துச் செய்கிறதே, அதில் தீர்த்த நாள் எங்களுடையது. அவர் கண்மூடிய பின்னும் நான் அதைக் கைவிடவில்லை. இடம்பெயர்ந்து போன இடத்தில், பதுங்குகுழியின் வாசலில், ஒரு செம்புத் தண்ணீரை வைத்து நிறைவேற்றினேன். ஷெல் விழுந்த காலத்தில் நிறுத்தாதவளா இன்று நிறுத்தப் போகிறேன்? நான் நிறுத்தச் சொன்னது தீர்த்தத்தை அல்ல. தீர்த்தம் என்ற பெயரில் ஆற்றுக்குள் திறந்துவிடப்பட்ட தண்ணீரை.

சென்ற ஆவணியை நினைத்துப் பாருங்கள். மழை பொய்த்து, மாரி சுருங்கி, மருதாறு மணலாகக் கிடந்தது. அம்மனின் ஆயுதத்தை நீராட்ட முழங்காலளவு தண்ணீர்கூட இல்லை. குளத்து நீரைக் கேட்டார்கள். "சிறுபோக வயலுக்கே காணாது" என்று கமக்காரர்கள் மறுத்தார்கள். மறுத்தது நியாயம். அப்போது யாருக்கோ ஒரு யோசனை உதித்தது. பட்டணத்துக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஆற்றின் மேற்புறத்தில் இருக்கிறதல்லவா? அதன் கடைசிக் குளத்தில் நீர் நிறைந்து நின்றதல்லவா? திறந்துவிட்டால் ஆறு ஓடுமல்லவா? ஓடியது! ஆஸ்பத்திரியின் நீர், சந்தையின் நீர், விடுதியின் நீர், சாப்பாட்டுக் கடையின் நீர், எல்லாம் சேர்ந்து அம்மன் காலடிக்கு ஓடி வந்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? அரோகரா என்றீர்கள். தவிசாளருக்கு மாலை போட்டீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு முழுகினீர்கள்.

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கிழமை முடியுமுன் ஆஸ்பத்திரி வாட்டில் கட்டில் போதவில்லை, பிள்ளைகளைப் பாயில் கிடத்திச் சேலைன் ஏற்றினார்கள்.

இதோ, முன்வரிசையில் என் அயலவர் அழகம்மா இருக்கிறார். அன்று ஒரு போத்தலில் அந்த நீரை அள்ளிக்கொண்டு போய், சாமிப்படத்தடியில் வைத்து, நாளும் விடிய எழும்பி ஓர் உள்ளங்கை குடித்தார். பிறகு வாட்டில் கிடந்தார். பார்க்கப் போனேன்.

"அழகம்மா, அந்தப் போத்தலை ஊத்தி விடுங்கோ" என்றேன்.

"அம்மன்ர தண்ணி ஒருத்தரையும் ஒண்டும் செய்யாது. கச்சான்காரிதான் பழைய கச்சான் கடலையை வறுத்து வித்தவள்."

"கச்சான் தின்னாத பச்சைக் குழந்தையும் பக்கத்துக் கட்டிலிலதானே கிடக்குது?"

"அது ஆரோ கண் வைச்ச நாவூறு!"

இப்போதும் என்னை முறைத்துப் பார்க்கிறார், பாருங்கள். என்ன சொல்கிறீர்கள், அழகம்மா? கேட்கவில்லை, உரத்துச் சொல்லுங்கள். "உனக்கு வாய் கூட" என்கிறார். ஓம், கூடத்தான். உங்களுக்கு வாந்தி கூடினபோது ஓட்டோ பிடித்து ஏற்றினதும் இந்த வாய்க்காரிதான். அவருடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. பக்தி உள்ளவர் அள்ளிக் குடிப்பார் என்று தெரிந்தே திறந்து விட்டவர்களைத்தான் கேட்கிறேன்.

"சுத்திகரித்த நீர்தானே, அம்மா?" என்று தவிசாளர் அன்றைக்கு என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடு நான் நிலையத்துக்கே போனேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிவதர்சினி என்னிடம் படித்த பிள்ளை. இன்று இந்த மேடைக்கு அவரை அழைக்கவில்லை. ஏன் அழைக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் என்னைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போனார். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தத் தொட்டியில் வாழ்கின்றன. அவை மூச்சு விட, இயந்திரம் தண்ணீருக்குள் காற்றை ஊதவேண்டும். ஊதினால் நீர் தெளியும். நிறுத்தினால் நுண்ணுயிர் மடியும், நீர் நாறும். நான் போனது பொழுதுபட்ட நேரம். இயந்திரம் மௌனமாக இருந்தது.

"ஏன் பிள்ளை ஓடேல்ல?"

"பொழுதுபட்டால் கரண்டுக்குக் காசு கூட, ரீச்சர். நிப்பாட்டச் சொல்லிட்டினம்."

"பொழுதுபடத்தானே சந்தையைக் கழுவி ஊத்துறவை?"

"ஓம் ரீச்சர்."

"முந்தி இப்பிடி நிப்பாட்டினதே?"

"இல்லை. முந்தி இவ்வளவு வெக்கை இல்லை. தண்ணி சூடேறினால் அதுக்குள்ள காத்து நிக்காது, மெசினைக் கூட நேரம் ஓட்டவேணும். ஓட்டினால் பில் ஏறும். பில் ஏறினால் எனக்குத்தான் பேச்சு."

"மழை வந்தால் சுகம்தானே?"

அந்தப் பிள்ளை சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "இப்ப எங்க ரீச்சர் மழை வருது? வந்தால் வானம் பிரிஞ்செல்லோ கொட்டுது. வாய்க்கால் வெள்ளம் முழுக்கக் குழாய்க்குள்ள ஏறித் தொட்டி வழியும். ஊத்தை ஆத்துக்குப் போகும். வளத்த நுண்ணுயிரும் அதோட அள்ளுப்பட்டுப் போகும். பிறகு முதல்ல இருந்து வளக்கவேணும்."

கேட்டீர்களா? வெயில் வந்தாலும் செலவு, வெள்ளம் வந்தாலும் செலவு. ஆறு நிறைந்து ஓடிய காலத்தில், தப்பித்தவறி வந்த அழுக்கை அது கரைத்துக் கொண்டுபோனது. இன்று கரைக்க ஆறு இல்லை. ஆற்றுக்குள் ஓடுவதே நிலையத்தின் நீர்தான். ஆகவே முன்னரைவிட நன்றாகச் சுத்திகரிக்க வேண்டிய காலத்தில், முன்னரைவிட மோசமாகச் சுத்திகரிக்கிறோம். இதற்குச் சிக்கனம் என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறோம்.

தவிசாளர் அவர்களே, வானத்தை நீங்கள் சூடாக்கவில்லை. அந்தப் பழியை உங்கள் தலையில் போட நான் வரவில்லை. எங்கோ தொலைவில் இருப்பவர்கள் எரித்து எரித்து உலகைச் சூடாக்கினார்கள், அதன் வெக்கையை வன்னியில் இருந்துகொண்டு நாம் அனுபவிக்கிறோம். அது அநியாயம். ஆனால் இயந்திரத்தின் மின் ஆளியை அணைத்த கை வெளிநாட்டுக் கை அல்லவே!

கைதட்ட வேண்டாம். இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இந்தப் படித்துறையிலிருந்து ஆறு வளைந்து போகுமிடத்தில் முனைக்குடியிருப்பு இருக்கிறது. அங்கே நஸீஹா இருக்கிறாள். முஸ்லிம் சனத்தை இங்கிருந்து விரட்டியபோது போய், புத்தளத்து முகாமில் வளர்ந்து, வாப்பாவின் காணியைத் தேடித் திரும்பி வந்தவள். பற்றை வெட்டி, வீடு கட்டி, ஆற்றோரம் கிணறு வெட்டினார்கள். ஆற்று நீர் மணலில் ஊறித்தான் அந்தக் கிணற்றுக்குப் போகிறது. தீர்த்தம் முடிந்த பின் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு குவளையில் தண்ணீர் தந்தாள். குடிக்கப் போனேன், திரும்ப வாங்கிவிட்டாள்.

"பொறுங்க ரீச்சர், அது கிணத்துத் தண்ணி. பிளாஸ்டிக் கானில வாங்கின தண்ணி உள்ள இருக்கு, எடுத்திட்டு வாறன்."

"எப்ப தொடக்கம் வாங்குறாய்?"

"உங்கட திருவிழா முடிஞ்சதில இருந்து."

"உங்கட திருவிழா" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. எனக்குத்தான் குத்தியது.

"சபையின்ர தண்ணிப் பவுசர் வராதோ?"

"வந்தா வரும். வராட்டி இவர் சைக்கிள்ல கான் கட்டிக்கொண்டு போவாரு. கூலிக்குப் போற மனிசன் தண்ணிக்குப் போனா, சோத்துக்கு ஆரு போறது? இந்தக் கோடையும் கிணறு நாறினா, புத்தளத்துக்கே போயிடுவம் எண்டு இவர் சொல்லிட்டாரு. நான் இன்னும் பதில் சொல்லேல்ல."

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். ஒருமுறை அந்தச் சனத்தைத் துவக்கை நீட்டி அனுப்பினார்கள். இப்போது சாக்கடையைத் திறந்து அனுப்பப் போகிறோமா? அன்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பயம் என்றோம். இன்று எதற்குப் பயம்? மின்கட்டணத்துக்கா?

செலவு மிச்சம் என்கிறார்களே, எங்கே மிச்சம்? சபையின் கணக்கில் குறைந்த செலவு நஸீஹாவின் குசினி அடுப்படியில் போய்க் குந்தியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறிப் படுத்திருக்கிறது. செலவு ஒரு சதமும் குறையவில்லை! கேள்வி கேட்கத் தெரிந்தவர்களிடமிருந்து கழற்றி, கேட்க வழியில்லாதவர்களின் தலையில் ஏற்றியிருக்கிறோம். கோடை நீளும். வெக்கை ஏறும். மழை கொட்டினால் கொட்டியபடி கொட்டும். இனி இதுதான் எங்கள் காலநிலை என்றால், இயந்திரத்துக்குரிய மின்சாரச் செலவும் இனி எங்கள் சபையின் வழமையான செலவுதான். தெருவிளக்குக்கு ஒதுக்குவதுபோல அதற்கும் ஒதுக்கவேண்டும்.

ஒதுக்கக் காசில்லையா? தலையை நிமிர்த்திப் பாருங்கள். படித்துறைக்கு மேல் சீமெந்து வளைவு. வளைவு முழுக்க வண்ண விளக்கு. பொழுதுபட்டதும், இயந்திரம் நிற்கும் அதே நேரத்தில், இந்த விளக்குகள் எரியத் தொடங்கும். வறட்சியில் வளைவு, வளைவில் விளக்கு, விளக்கின் கீழே வீச்சம்! இதைத் திறந்துவைத்து வாழ்த்துரை சொல்ல என்னை அழைத்தீர்கள். எதை வாழ்த்த?

இந்த ஆண்டுத் திருவிழா நோட்டீஸ் என் கையில் இருக்கிறது. தீர்த்த நாளுக்கு நேரே, எங்கள் குடும்பப் பெயருக்குக் கீழே, புதிதாக ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள்: "தீர்த்த நீர் உபயம்: பிரதேச சபை." ராஜரத்தினம், பூ உபயம் கேள்விப்பட்டிருக்கிறேன். மேளம் உபயம், மோர் உபயம் கேள்விப்பட்டிருக்கிறேன். சாக்கடை உபயம் என் ஆயுளில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

"அப்ப அம்மனுக்குத் தண்ணிக்கு எங்க போறது, அம்மா?" என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். கோயில் கிணற்றில் இன்னும் நல்ல தண்ணீர் இருக்கிறது, தம்பி. ஒரு குடம் எடுத்து ஆயுதத்தை நீராட்டுவோம். ஆறு வற்றினால் ஆறு வற்றியது என்று ஒப்புக்கொள்வோம். வற்றிய ஆற்றை அம்மன் மன்னிப்பாள். நாறிய ஆற்றை அவள் காலடிக்கு அனுப்பியதற்கு அவளிடம் என்ன சொல்லப் போகிறோம்? சபையின் நீரில்தான் தீர்த்தமென்றால், இந்த ஆண்டு உபயத்தில் என் வீட்டுப் பெயர் இராது. அதை அழித்துவிடுங்கள். அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வெந்தது. வெந்த மனத்தோடுதான் சொல்கிறேன்.

பேச இடம் தந்த விழாக்குழுவுக்கு நன்றி. பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமையில்லாமல் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்த மேடையில் உள்ளவர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் மறுபடியும் என் வணக்கம்.

தவிசாளர் அவர்களே, வறட்சி மாதங்களில் காற்றூதும் இயந்திரத்தை இரவு பகலாக ஓட்டுவீர்களா? தீர்த்தத்துக்கென்று நிலையத்துக் குளத்தைத் திறக்காமல் விடுவீர்களா? "பாப்பம் அம்மா" என்று மூன்று தரம் வாயால் சொல்லிவிட்டீர்கள். நஸீஹா தன் கணவனுக்குப் பதில் சொல்லவேண்டும். அதற்கு முன் நீங்கள் எனக்குப் பதில் சொல்லவேண்டும். கொடியேறுமுன், உங்கள் கையொப்பத்தோடு, எழுத்தில் தாருங்கள்.